கட்டைவிரல் சொன்னது

போனின் பக்கவாட்டில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் இரண்டு பட்டன்கள் இருக்கின்றன அல்லவா? அழுத்தினால் சத்தம் கூடிவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் நீங்கள் செய்வது ஒரு விண்ணப்பம், அவ்வளவுதான். அந்த நேரத்தில் எந்த ஆப் திறந்திருக்கிறதோ, அதனிடம்தான் அந்தச் செய்தி முதலில் போகும். 'எனக்குத் தேவையில்லை' என்று அது விட்டுவிட்டால் சத்தம் கூடும். 'நான் பார்த்துக்கொண்டேன்' என்று சொல்லிவிட்டால் அதோடு சரி. அந்த அழுத்தம் வேறு எங்கேயும் போய்ச் சேராது. இதை விழுங்குவது என்று சொல்வோம். கெட்ட அர்த்தத்தில் அல்ல. எங்கள் தொழிலில் அன்றாடம் செய்கிற காரியம்.

நடந்ததை என் வார்த்தையிலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். அதனால்தான் இதிலிருந்து தொடங்குகிறேன். இது புரியாவிட்டால் மற்றது எல்லாம் உங்களுக்குக் கொடுமையாகத் தெரியும்.

பயணச்சீட்டு எடுக்கும் ஆப் ஒன்றை உருவாக்கும் கம்பெனியில் எனக்கு வேலை. அதில் விரல் படுகிற இடமெல்லாம் என் பொறுப்பு. திரையில் கீபோர்டு எழும்பி வரும்போது, நீங்கள் எழுதும் பெட்டி அதற்கு அடியில் மறையாமல் மேலே நகர்கிறதே, அது நான் செய்தது. பின்னால் போகும் பட்டனைத் தெரியாமல் தட்டிவிட்டால் 'வெளியேறவா?' என்று ஒரு கேள்வி வருகிறதே, அதுவும் நான்தான். நல்ல வேலை என்றால் யார் கண்ணிலும் படக்கூடாது. பட்டுவிட்டால் எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறேன் என்று பொருள்.

என் கணவர் பழைய வண்டிகளை ஏலம் விடுகிறவர். ஓட்டை வண்டியைக்கூடத் தேர் மாதிரி காட்டிவிடுகிற வாய். ஏலக் களத்தில் மேசைமேல் ஏறி நின்றார் என்றால், வாங்க வராதவன்கூட கையைத் தூக்கிவிட்டுப் போவான். ஆனால் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச்சையும் கழற்றி வைத்துவிடுவார். அடித்ததில்லை. திட்டியதும் இல்லை, திட்டுவதற்கும் பேச வேண்டுமே. ஒருமுறை நீளமாக இருந்த முடியைக் காதுவரை வெட்டிக்கொண்டு வந்தேன். வெகு நாள் கழித்து, "என்னமோ மாதிரி இருக்கே" என்றார். அந்த வருடம் அவர் என்னிடம் பேசியதில் அதுதான் பெரிய பேச்சு.

அவருடைய அக்காவிடம் மட்டும் அப்படி இல்லை. பால்கனியில் நின்றுகொண்டு போனில் மணிக்கணக்காகப் பேசுவார். கதவு சாத்தியிருக்கும். சிரிப்பு மட்டும் உள்ளே வரும். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருப்பேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. இருந்ததைச் சொல்கிறேன்.

ஒரு நாள் ஏலத்தின் நடுவில் அவருக்கு மூளையில் இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. "ஒரு தரம், இரண்டு தரம்" என்றவர் மூன்றாம் தரம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது கண்ணும் வலது கட்டைவிரலும்தான் அவர் சொன்னபடி கேட்டன. "அவருக்கு எல்லாம் புரியும். வெளிய சொல்லத்தான் வழியில்ல" என்றார் டாக்டர்.

வழியை நான் செய்தேன். கட்டிலோடு ஒரு கம்பி பொருத்தி, பக்கத்துப் பட்டன்கள் சரியாக அவர் கட்டைவிரலுக்கு அடியில் வரும்படி போனை மாட்டினேன். திரையில் நம் எழுத்துகள் பெரிது பெரிதாக. மேல் பட்டனை அழுத்தினால் வெளிச்சம் அடுத்த எழுத்துக்கு நகரும். கீழ் பட்டனை அழுத்தினால் அந்த எழுத்து பதியும். கீழ் பட்டனை அழுத்திப் பிடித்தால், எழுதியதைப் போன் வாய்விட்டுச் சொல்லும். ஆப் கடையில் கிடைக்கிற ஆண் குரல்களில் அவர் குரலுக்கு நெருக்கமான ஒன்றைத் தேடி எடுத்தேன்.

விரல் நடுங்கியது. ஒருமுறை அழுத்தினால் மூன்றாகப் பதிந்தது. 'த' வேண்டுமென்றால் 'ததத' வரும். உடனுக்குடன் திரும்ப வருகிற அழுத்தத்தை விழுங்கும்படி எழுதினேன். நான் விழுங்கிய முதல் அழுத்தம் அதுதான். அதைத் தப்பு என்று எந்த மனிதரும் சொல்ல மாட்டார்.

அவருடைய அக்கா, என் நாத்தனார், பக்கத்தில் இருக்கும்போதுதான் அவர் "தண்ணி" என்று கேட்டார். போன் சொன்னதும் நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "நீ மட்டும் இல்லன்னா என் தம்பி ஊமையாவே போயிருப்பான்மா" என்றார். அவர் கன்னத்து ஈரம் என் கழுத்தில் பட்டது. எனக்கும் அழுகை வந்தது.

நாத்தனார் கிளம்பிப் போன பிறகு, என் கணவர் முதன்முதலாக முழு வாக்கியம் ஒன்றை எழுதினார். வெளிச்சம் நகர்வதைப் பார்த்துக்கொண்டே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்குத்தான் எழுதுகிறார் என்று தெரிந்தது. அழுத்திப் பிடித்தார். போன் சொன்னது:

"பூசணி வீட்டுக்கு அனுப்பு."

பூசணி என்பது அவர் அக்கா. சின்ன வயதில் குண்டாக இருந்தாராம். பெயர் ஒட்டிக்கொண்டது.

"அப்புறம் பார்க்கலாங்க" என்றேன். மறுநாளும் அதையே எழுதினார். அதற்கு மறுநாளும். நாத்தனார் வீடு ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே இருக்கிறது, தரைத்தளம், இரண்டு பிள்ளைகள் தூக்கிவிட இருக்கிறார்கள். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் பாசம் வேறு, பார்த்துக்கொள்வது வேறு. அவரைத் திருப்பிப் படுக்க வைக்கிற பக்குவம் என் கைக்குத்தான் வந்திருந்தது.

முதலில் ஒரு சின்னத் திருத்தம்தான் செய்தேன். வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். நாலு பேர் நடுவில் போன் 'பூசணி' என்று கத்தினால் மரியாதையாகவா இருக்கும்? அந்த வார்த்தை வந்தால் 'அக்கா' என்று மாற்றிச் சொல்லும்படி செய்தேன். எல்லாக் கீபோர்டும் பிழை திருத்துகிறது. இதுவும் திருத்தியது.

அதன்பிறகு 'அனுப்பு' என்ற வார்த்தையை எடுத்துவிட்டேன். அவர் எழுதலாம், போன் சொல்லாது. 'போகணும்' என்பதையும் எடுத்தேன். ஆனால் வெறும் மௌனம் வந்தவர்களுக்குச் சந்தேகத்தைத் தரும். அதனால் என் போனிலும் அதே திரையை வைத்துக்கொண்டேன். அவர் அழுத்துவது எனக்குத் தெரியும். நான் எழுதினால் அவர் போன் பேசும்.

நாத்தனார் அடுத்த முறை வந்து, "ஏன்டா, என் கூட வந்துடறியா? கொஞ்ச நாள் இருந்துட்டு வா" என்று கேட்டபோது நான் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கையால் எழுதினேன். அறையிலிருந்து குரல் வந்தது: "இல்ல அக்கா. நான் இங்கயே நல்லா இருக்கேன். இவ நல்லா பார்த்துக்கறா."

டீயோடு உள்ளே போனேன். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் கணவரின் கட்டைவிரல் அடைமழை மாதிரி பட்டன்மேல் விழுந்துகொண்டே இருந்தது. போன் சும்மா இருந்தது.

"என்னம்மா இது, விரல் இப்படி வெட்டி வெட்டி இழுக்குது?"

"நரம்புப் பிடிப்பு அண்ணி. டாக்டர் சொல்லியிருக்காரு, வரும் போகும்னு."

என் கணவர் என்னைப் பார்த்தார். நாத்தனார் போன பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார். கல்யாணமானதிலிருந்து அவ்வளவு நேரம் அவர் கண் என் முகத்தில் இருந்தது அன்றுதான்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் பேச்சு வந்தது. இதை நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன், உள்ளேயிருந்து, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்பார். "இதோ ஆச்சுங்க, ரெண்டு பாத்திரம்தான்" என்பேன். "அந்த முடி உனக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்பார் ஒரு நாள். கையிலிருந்த ஈரத்தைத் துடைத்துவிட்டுத்தான் அதை எழுதினேன் என்பது எனக்கு மறக்கவில்லை. நான் பைத்தியம் இல்லை. ஆனாலும் அது அறையிலிருந்து வரும்போது அவர் குரலாகத்தான் வரும். இத்தனை வருடம் மனசுக்குள் பூட்டி வைத்திருந்ததற்கு நான் சாவி போட்டேன் என்றுதான் தோன்றும். ஒரு மனைவிக்குத் தெரியாதா, புருஷன் மனசில் என்ன இருக்கிறதென்று?

பிறகு கால் விஷயம்.

கைகால்களை அசைத்துவிட ஒரு தெரபிஸ்ட் பெண் வந்துபோய்க்கொண்டிருந்தார். கெட்டிக்காரி. ஒரு நாள் இடது காலைத் தொட்டுவிட்டு, "என்ன மேடம், கெண்டைக்கால் சூடா இருக்கு, வீங்கின மாதிரியும் இருக்கு?" என்றார். குனிந்து அவரிடம் கேட்டார்: "வலிக்குதா சார்?"

'வலி' என்ற வார்த்தையை நான் அதற்கு முன்பே எடுத்துவிட்டிருந்தேன். வலி என்றால் டாக்டர் வருவார். டாக்டர் வந்தால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றால் எதிர்வீடு. 'போகணும்' எடுபடாததால், அதே இடத்துக்குப் போக அவர் கண்டுபிடித்த குறுக்கு வழி அது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

"இல்ல. சுகமாத்தான் இருக்கேன்" என்றது போன்.

அந்தப் பெண் நிமிர்ந்தார். "எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டிடுங்க மேடம். இந்த மாதிரி படுத்தே இருக்கறவங்களுக்கு காலுல ரத்தம் கட்டிக்கும். அசால்ட்டா விடாதீங்க."

"அவரே வேண்டாங்கறாரே" என்றேன்.

அந்தப் பெண் போன பிறகு என் போனைப் பார்த்தேன். திரையில் வெளிச்சம் நகர்ந்துகொண்டிருந்தது. வ. லி. வ. லி. நடுக்கத்தில் சில சமயம் 'வழி' என்று விழும். அழித்துவிட்டு மறுபடி பொறுமையாகத் திருத்துவார். களத்தில் அவ்வளவு அவசரக்காரர். இவ்வளவு பொறுமை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஆச்சரியமாக இருந்தது. போர்வையை விலக்கிப் பார்த்தேன். ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் வித்தியாசம் தெரிந்தது. போர்வையை மூடினேன். அன்று முழுக்க அவர் அழுத்திக்கொண்டிருந்தார். மறுநாள் அழுத்தல் மெதுவானது. அடுத்த நாள் காலையில் முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். மூச்சு ஒரு இழுப்பு இழுத்தது, நின்றுவிட்டது.

"காலுல கட்டின ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கு" என்றார் டாக்டர். "நல்லா வலிச்சிருக்குமே. சொல்லவே இல்லையா?"

"ஒரு வார்த்தை சொல்லலை டாக்டர்" என்றேன்.

நாத்தனார் போனைக் கேட்டார். "அவன் கடைசியா பேசினது இதுலதானேம்மா. என்கிட்ட இருக்கட்டும்." கம்பியிலிருந்து கழற்றிக் கொடுத்தேன். கொடுக்காமல் எப்படி இருப்பது? அவர் அதை அணைக்காமல், சார்ஜ் போட்டு, தன் வீட்டுக் கூடத்தில் தம்பி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார். அது அப்போது எனக்குத் தெரியாது.

என் தவறு ஒன்றே ஒன்று. வீடு மறுபடியும் பழைய மாதிரி ஆகிவிட்டது. நான் தட்டைக் கழுவினால் தட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு மதியம் பழக்கதோஷத்தில் என் போனை எடுத்து, "நீ சாப்பிட்டியா?" என்று எழுதி அனுப்பிவிட்டு, அறைப் பக்கம் காது கொடுத்து நின்றுகொண்டிருந்தேன்.

துக்கம் கேட்க வந்தவர்கள் நாலைந்து பேர் அங்கே கூடத்தில் உட்கார்ந்திருந்தார்களாம். படத்துக்கு முன்னால் இருந்த போன் வாய் திறந்து கேட்டிருக்கிறது. ஒரு பெரியவர் பயந்துபோய் எழுந்துவிட்டாராம். நாத்தனார் மட்டும் அசையவில்லை. அன்று சாயங்காலமே என் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பொறந்ததுல இருந்து அவன் என்னை ஒரு தடவைகூட அக்கான்னு கூப்பிட்டதில்ல" என்றார். "சீக்கு வந்ததும் மரியாதை வந்துடுச்சேன்னு நான் வெளிய போய் அழுதேன்டி. அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். என்ன சொன்னான் என் தம்பி? அன்னிக்கு விரலைப் போட்டு அந்த அடி அடிச்சானே, என்னதான் சொன்னான்?"

நான் மறைக்கவில்லை. சொன்னேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கவில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், அவருக்கு வலித்தது எனக்குத் தெரியும். கால் வீங்கியதைப் பார்த்தேன். அந்தப் பெண் சொன்னது காதில் விழுந்தது. ஒரே ஒரு போன் பேசியிருந்தால் பிழைத்திருப்பார், பேசவில்லை. அவர் எழுதிய ஒவ்வொரு எழுத்தையும் நான்தான் விழுங்கினேன். கையெழுத்து எங்கே வேண்டுமோ போட்டுத் தருகிறேன்.

ஆனால் நாத்தனார் சொல்கிற மாதிரி அவர் என்னிடம் மனம் வெறுத்துப் போனார் என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. என்னைப் பற்றி அந்த மனிதர் கடைசிவரை ஒரு குறை சொன்னதில்லை. அந்த அறைக்கு வந்துபோன யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள்.