சருகுக் குரல்

யாருடைய பாட்டு பிடிக்கும் என்று கேட்டால் நான் எப்போதும் மழுப்பிவிடுவேன். தொண்டை மருத்துவருக்கு வேறு வழியில்லை. மேடையேறும் பாடகர்களில் பாதிப் பேர் என் நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தவர்கள்தான். ஒருவரைப் பிடிக்கும் என்று வாய்தவறிச் சொன்னால், மற்றவர் அடுத்த வாரமே வேறு மருத்துவரைத் தேடிப் போய்விடுவார். அதனால் என் காத்திருப்பு அறையில் வானொலிகூட வைத்ததில்லை. சுவரில் ஒரு கடிகாரமும் ஒரு கப்பல் படமும் மட்டும் உண்டு.

ஆனால் காத்திருப்பவர்களின் வாயை யார் கட்ட முடியும்? தொண்டை வலி என்று வந்தவர்கள்கூட, பேச்சு பாடகர்கள் பக்கம் திரும்பினால் தொண்டை கிழியச் சண்டை போடுவார்கள். ஒரு கட்சிக்கு 'வெண்கலம்' என்று பெயர் வாங்கிய பாடகர்தான் உலகம். மைக் கெட்டுப்போனாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல். அவர் தொண்டைக்குள் நான் பார்த்திருக்கிறேன், அது உங்கள் தொண்டை மாதிரிதான் இருக்கும். இன்னொரு கட்சிக்குக் 'குட்டித் தேன்' என்ற பெண். மூன்றாவதாக ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால், "அவங்களும் நல்லாத்தான் பாடுவாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

அந்த மூன்றாவது ஆளைத்தான் பிறகு ஊரே 'சருகு' என்று கூப்பிட்டது. நீங்கள் கேட்டதால் முதல்முறையாகச் சொல்கிறேன். எனக்குப் பிடித்த குரல் அவருடையது.

ஆரம்பத்திலிருந்தே பிடித்தது என்று சொன்னால் பொய். அப்போது அவர் குரல் துலக்கிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி பளிச்சென்று இருக்கும். ஒரு குறை சொல்ல முடியாது. இரண்டாவது பாட்டில் கொட்டாவி வரும். வருடத்துக்கு ஒருமுறை தொண்டையைக் காட்ட வருவார். கூடவே அவருடைய அக்கா வருவார், கையில் வெந்நீர் பிளாஸ்க்கோடு. மேடையில் தங்கை பாடும்போது ஓர் அடி பின்னால் நின்று துணைக்குரல் கொடுப்பவர் அவர். பதினொரு வருடமாக அப்படித்தான். அந்த அக்காவை எனக்கு ஏனோ முதலிலிருந்தே பிடிக்காது. எதைச் சொன்னாலும் என் முகத்தைப் பார்ப்பார், நான் சொல்வதைக் கேட்கமாட்டார்.

என் பரிசோதனை எப்படி என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குழாய் முனையில் ஒரு சின்னக் கேமரா இருக்கும். நாக்கை வெளியே பிடித்துக்கொண்டு 'ஈ' என்று நீட்டச் சொல்வேன். குரல்வளைக்குள் இரண்டு சின்னச் சதை மடிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து துடிப்பது திரையில் தெரியும். படத்தோடு சத்தமும் பதிவாகும். மற்ற மருத்துவர்கள் சத்தத்தை அணைத்துவிடுவார்கள். நான் அணைப்பதில்லை. சத்தமில்லாமல் தொண்டையைப் பார்ப்பது எனக்கு ருசி தெரியாமல் சாப்பிடுவதுபோல. நர்ஸம்மா எரிச்சல்படுவார். "காலையிலேர்ந்து ஈ, ஈன்னு கேட்டு என் தலையே கிறுகிறுங்குது டாக்டர்" என்பார்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலையில் அக்காவும் தங்கையும் வருடாந்திர முறை வருவதற்கு முன்பே வந்தார்கள்.

"ஒரு மாசமா தொண்டையில ஏதோ ஒட்டிக்கிட்ட மாதிரியே இருக்கு டாக்டர். கனைச்சாலும் போகல."

தங்கை 'ஈ' என்றார். அப்போதுதான் முதல்முறை கேட்டேன். அந்தப் பளிச்சென்ற குரலுக்கு அடியில் ஒரு சரசரப்பு. காய்ந்த இலைமேல் யாரோ மெதுவாக நடந்து வருவதுபோல. முப்பது வருடத்தில் ஒரு தொண்டையிலும் நான் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். பிறகு மூன்றாவது தடவையும். திரையில் இடது மடிப்பின்மேல் கடுகளவு வெள்ளையாக ஒன்று தெரிந்தது.

"என்னது டாக்டர்?" என்றார் அக்கா.

"ஒண்ணுமில்ல. குரல் முதிர்ந்திருக்கு. வயசுக்கு வர்ற மாற்றம்தான்."

"இதைச் சரிபண்ண முடியாதா? அடுத்த மாசம் பாட்டுப் பதிவு இருக்கு," என்றார் தங்கை.

"இப்படியே பாடுங்க. நான் சொல்றேன், பாடுங்க."

பாடினார். அந்தப் பாட்டு என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். இங்கே உங்கள் வாசலில் நிற்கும் காவலர்கூட இன்று காலை அதை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என் காத்திருப்பு அறையில் வெண்கலத்தின் கட்சி வாயடைத்துப்போனது. குட்டித் தேனைப் பற்றிப் பேச ஆளில்லை. ஒரு பெரியவர் கப்பல் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, "அந்தப் பொண்ணு பாடினா செத்துப்போன என் சம்சாரம் பக்கத்துல வந்து உக்கார்ற மாதிரி இருக்கு" என்று சொல்லி அழுதார். நான் உள்ளேயிருந்து கேட்டேன். அதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதன்பிறகு அவரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னேன். வீக்கம் வடிய மாத்திரை கொடுத்தேன். பதிவுகளைத் தனியாக எடுத்து வைத்தேன். அவற்றைத்தான் போன வாரம் உங்கள் ஆட்கள் அலமாரியோடு தூக்கி வந்தார்கள். பதினான்கு பதிவுகள். வரிசையாகப் போட்டுக் கேளுங்கள். சருகு கொஞ்சம் கொஞ்சமாக அடர்வது தெரியும். எட்டாவதுதான் உச்சம் என்பது என் கருத்து. தயவுசெய்து பத்திரமாக வையுங்கள், வேறு பிரதி கிடையாது.

அக்காவுக்குச் சந்தேகம் வந்தது இரண்டாம் வருடம். முதலில் மாத்திரைப் பெயரை எழுதிக்கொண்டார். பிறகு நர்ஸம்மாவைத் தனியாகப் பிடித்து, மற்றவர்களும் இப்படி அடிக்கடி வருவார்களா என்று விசாரித்தார். நான் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். அன்றிலிருந்து அவர் எங்கே நிற்கிறார், எதைத் தொடுகிறார் என்று நானும் கவனிக்க ஆரம்பித்தேன். ஒருவரையொருவர் நோட்டம் விட்டுக்கொண்டே நலம் விசாரித்துக்கொண்டோம்.

கடைசியாக வந்தபோது அவர் சுற்றி வளைக்கவில்லை.

"மாடி ஏறினா நின்னுடறா டாக்டர். மூச்சு வாங்குது. குரல் முதிர்ச்சிக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்?"

"அலைச்சல். ஓய்வே இல்லையே அவங்களுக்கு."

"உள்ள என்ன இருக்குன்னு நான் பாக்கணும். இவ பாக்க மாட்டா, பயந்தாங்கொள்ளி. எனக்குக் காட்டுங்க."

"அக்கா, டாக்டரை ஏன் தொந்தரவு பண்றே?" என்றார் தங்கை. அந்தக் குரலில் இரண்டு வார்த்தை பேசினாலே போதும், எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும்.

பரிசோதித்தேன். கடுகு என்று சொன்னேனே, அது இப்போது இடது மடிப்பு முழுவதையும் தின்றுவிட்டு வலதுக்குத் தாவியிருந்தது. திரை என் பக்கம் திரும்பியிருந்தது. பதிவாகிறது, ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு, நான்கு வருடத்துக்கு முந்தைய பதிவை எடுத்தேன். தேதி விழும் மூலையில் ஒரு மருந்துச் சீட்டை ஒட்டினேன். திரையை அக்கா பக்கம் திருப்பினேன். சுத்தமான, வழுவழுப்பான, அழகான தொண்டை. 'ஈ' என்று அது நீண்டது.

அக்கா குனிந்து பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னொரு தடவை போடுங்க."

போட்டேன்.

"சரி டாக்டர். ரொம்பத் தெளிவா இருக்கு," என்றார். பிளாஸ்க் மூடியை இறுக்கித் திருகினார். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். எங்கே கோட்டை விட்டேன் என்று நீங்கள்தான் இந்த அறையில் எனக்குச் சொன்னீர்கள். பதினொரு வருடம் ஓர் அடி பின்னால் நின்ற பெண்ணுக்குப் படம் எதற்கு? பழைய 'ஈ'யில் சருகு இல்லை. அக்கா காதால் கண்டுபிடித்தது அதைத்தான். எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், அன்று அந்தப் பதிவை நானும் இரண்டு தடவை கேட்டேன். எனக்குச் சருகு கேட்டது. இப்போதுகூடச் சத்தியம் செய்வேன்.

அடுத்த நாளே தங்கையை வேறு ஊருக்குக் கூட்டிப்போய் வேறு மருத்துவரிடம் காட்டியிருக்கிறார். அங்கே குரல்வளையை முழுவதுமாக எடுக்க வேண்டியதாயிற்று. கழுத்தில் துளை போட்டு அதன் வழியாக மூச்சு. நான் பார்க்கப் போனேன். பழகியவர்கள் போகத்தானே வேண்டும். அக்கா மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். தங்கை என்னைப் பார்த்துச் சிரித்தார். மடியிலிருந்த சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினார்: "நான் இன்னும் சீக்கிரமா வந்திருக்கணுமோ டாக்டர்?"

அந்த நிலையில் ஒரு நோயாளியிடம் வாதம் செய்யக் கூடாது. ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவர் சிலேட்டைத் துடைத்துவிட்டு, "அக்காகிட்ட சொல்லாதீங்க, திட்டுவா" என்று எழுதினார். அதன்பிறகு ஐந்து மாதம்தான் உயிரோடு இருந்தார். அக்கா அவரிடம் எதையும் சொல்லவில்லையாம், கடைசிவரை தன்மேல்தான் தப்பு என்று நினைத்திருப்பார். அதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

உங்கள் அறிக்கையில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். என் முப்பது வருடப் பெயருக்கு அது இழுக்கு. கடுகளவில் பார்த்த அன்றே அது புற்று என்று எனக்குத் தெரியும். அந்த அளவில் பிடித்தால் பத்துப் பேரில் ஒன்பது பேர் பிழைத்துக்கொள்வார்கள் என்பதும் தெரியும். அதே வருடம் அதே இடத்தில் அதே கடுகை ஆறு பேரிடம் பார்த்தேன். ஒரு பேருந்து நடத்துநர், ஒரு பள்ளிக்கூட டீச்சர், ஒரு தபால்காரர் என்று சாதாரண மனிதர்கள். பார்த்த அன்றே சொன்னேன், கையோடு அறுவைக்கு அனுப்பினேன். ஆறு பேரும் உயிரோடு இருக்கிறார்கள், விசாரித்துக்கொள்ளுங்கள். அவர்கள் குரல் எப்படி இருந்தது என்று கேட்டால் மட்டும் எனக்குச் சொல்லத் தெரியாது.

அன்று எடுத்திருந்தால் அவரும் பிழைத்திருப்பார். பழைய மாதிரி நன்றாகவும் பாடியிருப்பார், மூன்றாவது ஆளாக. அந்தச் சருகு போயிருக்கும். யாரோ ஒருவர் கணக்குப் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருந்தது, நான் எடுத்தேன். ஊருக்காகத்தான் எடுத்தேன்.

அவருடைய அக்கா நேற்று இதே மேஜைக்கு எதிரே உட்கார்ந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே டாக்டர்? உயிர் வேணுமா, குரல் வேணுமான்னு?" என்றார். அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிலை உங்களிடம் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். கேட்டிருந்தால் உயிர் வேண்டும் என்று சொல்லியிருப்பார். அதனால்தான் கேட்கவில்லை.