மூன்று பிளவுத் தகடு

மெல்லிய எஃகுத் தகடு வெட்டப் பொறுமை வேண்டும். எனக்கு அது நிறையவே உண்டு. வேடசந்தூர் ரோட்டில் பட்டறை வைத்து, மில்களுக்கு உதிரிப் பாகம் செய்து கொடுக்கிறேன்.

என் மனைவி அறிவுச்செல்வி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். கல்லூரிக்காக என் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளும் நீங்களும் அவளோடு வேலை பார்த்தவர்தான், அமலராணி மேடம். இருந்தாலும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். லேசர் ஒளியை மூன்று பிளவுகள் வழியே விட்டு அளந்தாள். மூன்றும் திறந்திருக்கும்போது விழும் ஒளியை, ஒவ்வொன்றாகவும் இரண்டிரண்டாகவும் திறந்து அளந்ததை வைத்தே சொல்லிவிடலாம் என்கிறது குவாண்டம் விதி. கணக்குக்கும் அளவுக்கும் உள்ள வித்தியாசம், அதாவது மிச்சம், பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் அந்த விதியின் அஸ்திவாரமே ஆடிவிடும். ஒற்றைப் பிளவு, இரட்டைப் பிளவு, மூன்று பிளவு என்று ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனித் தகடு; எல்லாம் நான்தான் வெட்டிக் கொடுத்தேன்.

பழனியில் ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ விசாரித்தபோது அவள் சொன்னாள்: "அவருக்கு இதெல்லாம் புரியாது. தகடு மட்டும் வெட்டுவாரு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள்.

மூன்று பிளவுத் தகட்டில் இரண்டு செய்தேன். ஒன்று சரியானது. மற்றதில் ஒரு பிளவு மயிரிழையில் பாதி குறுகல். அதைத்தான் பொருத்தினேன். மிச்சம் பூஜ்யம் வரவில்லை. ஒன்றரை வருடம் திரும்பத் திரும்ப அளந்தாள்.

"தகடு சரிதானா, ஒருக்கா அளந்து பாருங்களேன்."

"அளந்துட்டேன் செல்வி. அம்புட்டும் சரி."

அவள் முடிவைச் சரிபார்க்க வெளியூரிலிருந்து நிபுணர்கள் வந்தார்கள். அன்று காலை அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனவன், நல்ல தகட்டை மாற்றி வைத்தேன். பூஜ்யம் வந்தது. அவர்கள் போனதும் பழையதை வைத்தேன். இரண்டாம் முறை வந்தபோதும் அப்படியே. அவள் எண்களைப் புனைந்ததாக எழுதிவிட்டுப் போனார்கள்.

"ஆளுக இருந்தா ஒண்ணு வருது, இல்லாட்டி ஒண்ணு வருது. ஏங்க, எனக்கு என்னமோ ஆகிப்போச்சா?"

"இருக்கலாம்" என்றேன். மறுநாள் ராஜினாமா எழுதினாள். உறைமேல் முகவரியை நான் எழுதிக் கொடுத்தேன்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். அடுப்பை அணைத்தோமா என்று தினமும் என்னிடம் கேட்கிறாள். அணைந்துதான் இருக்கும். "அணைக்கல, நான் அணைச்சுட்டேன்" என்பேன். தலையாட்டிக்கொள்வாள்.

நீங்கள் கண்டெடுத்து மேசையில் வைத்திருக்கும் இரண்டு தகடும் நான் வெட்டியவைதான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் போலீஸ் என்னை அழைத்துப் போய்விட்டால், எது நிஜம் என்று அவளுக்கு யார் சொல்வார்கள்?