மதிலுக்கு வெளியே நிற்கும் ரசிகருக்கு

எத்தனையோ வாய்களைத் திறக்க வைத்துவிட்டு, இன்று என் ஒரு வாயை மூட வைப்பதற்காக மேசைமேல் மணியோடு வீற்றிருக்கும் அவைத்தலைவர், பல் மருத்துவர் ஐயா அவர்களே! இந்த மைதானத்து மண்ணை முழங்காலில் மாறாத் தழும்பாக வாங்கிக்கொண்டு வாழும் மூத்த ஆட்டக்காரர்களே! சேறும் சகதியுமாக வீடு திரும்பிய அந்த ஆட்டக்காரர்களை வாசலிலேயே நிறுத்தி, வாளித் தண்ணீரால் வரவேற்ற வீரத் தாய்மார்களே! எதிரணியில் நின்று எங்கள் சாபங்களையெல்லாம் சளைக்காமல் சம்பாதித்த அன்றைய கோல்கீப்பர், இன்றைய பேக்கரிக்காரர் அவர்களே! நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது எங்கள் சிந்தையெல்லாம் நிறைந்திருந்த சிங்கம், இந்த விழாவின் நாயகர், மீட்டர் மாமா அவர்களே!

இவர்களோடு இன்னொருவரையும் நான் விளித்தாக வேண்டும். இந்த மைதானத்தின் மதிலுக்கு வெளியே, வாசல் கதவுக்கு இடப்பக்கம், தெருவைப் பார்த்தபடி, நமக்கு முதுகைக் காட்டியபடி நின்றுகொண்டிருக்கும் என் உடன்பிறந்த அண்ணன் அவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

சிரிக்காதீர்கள். உண்மையிலேயே வெளியில்தான் நிற்கிறார். நம்பாதவர்கள் எட்டிப் பாருங்கள், மதிலுக்கு மேலே அவருடைய வழுக்கைத் தலை மட்டும் தெரியும். ஏன் நிற்கிறார்? உள்ளே நாற்காலி இல்லையா? இருக்கிறது. அழைப்பு இல்லையா? நானே நேரில் போய் அழைத்தேன். பகையா, பிணக்கா? ஐயோ, பக்தி ஐயா, பக்தி! அந்தப் பக்தியின் கதையைச் சொல்லத்தான், கிளட்ச்சை மிதி, பிரேக்கை மிதி என்று நாள் முழுக்கக் கத்தி, கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கும் நான் இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

இளைய தலைமுறைக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மீட்டர் மாமா வாரநாட்களில் மின்சார அலுவலகத்து ஊழியர். வீடு வீடாகப் போய் மீட்டரில் ரீடிங் எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் எங்கள் அணியின் ஃபார்வர்டு. காலில் பந்து பட்டதோ இல்லையோ, ஓடுவார், ஓடுவார், ஓடிக்கொண்டே இருப்பார், கோடு முடிந்தாலும் ஓடுவார்! நிறுத்துவதற்கு ஆள் வேண்டும். எங்கள் வீட்டு மீட்டரும் அப்படித்தான், எத்தனை விளக்கை அணைத்தாலும் ஓடும். அதனால்தான் அந்தப் பெயர்.

அவர் எங்களுக்கு யார்? அப்பாவா? இல்லை. ஆசிரியரா? இல்லை. அப்பாவுக்குப் பயந்தோம், ஆசிரியரைக் கண்டு ஒளிந்தோம், இவருக்காக மட்டும்தான் ஏங்கினோம். அவர் காலுறையை ஒரு கால் ஏற்றியும் ஒரு கால் இறக்கியும் விட்டிருப்பார். அதைப் பார்த்துத் தெருவில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் பள்ளிக்கூடத்துக்கு அப்படியே போனோம். காரணம் என்னவென்று பின்னாளில் அவரிடமே கேட்டேன். "ஒண்ணுல எலாஸ்டிக் போயிடுச்சும்மா" என்றார்.

இப்போது என் அண்ணனிடம் வருகிறேன். முதன்முதலாக அண்ணன் ஆட்டம் பார்க்க வந்த நாள். மாமா பெனால்டி உதைக்க நிற்கிறார். அண்ணன் கண் கொட்டாமல் பார்க்கிறார். பந்து பறந்தது. எங்கே? வலைக்குள்ளா? வலைக்கு மேலே, மதிலுக்கு மேலே, எதிர்வீட்டு மொட்டைமாடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளுக்கு நடுவே! அடுத்த வாரம், அண்ணன் குழாயில் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து மாமா கோல் போட்டார். அண்ணன் ஓடி வந்தார், அடுத்த பந்து வெளியே போயிற்று. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "டேய், நீ கொஞ்சம் திரும்பி நில்லு பாப்போம்" என்றார்கள். திரும்பினார். கோல்!

அவ்வளவுதான். விசாரணை முடிந்தது. வக்கீல் இல்லை, வாய்தா இல்லை. "நீ பாத்தா மாமா விட்டுடுவாரு. இனிமே நீ வெளிய நில்லு, ரோட்டைப் பாத்து நில்லு" என்று தீர்ப்பு வந்தது. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சண்டை போட்டிருப்பீர்கள், அழுதிருப்பீர்கள், வேறு அணிக்கு மாறியிருப்பீர்கள். என் அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? சட்டைக் காலரை நிமிர்த்திவிட்டுக்கொண்டு வெளியே போனார். தான் பார்க்காமல் இருந்தால்தான் மாமா ஜெயிப்பார் என்றால், அந்த வெற்றியில் தனக்கும் பங்கு உண்டு என்று அந்தச் சின்ன மண்டைக்குள் ஒரு கணக்கு!

பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார், "அப்ப ஆட்டத்தை அவர் எப்படித்தான் தெரிஞ்சுக்குவாரு?" நல்ல கேள்வி. அதற்குத்தான் தங்கை இருக்கிறேனே! மதில்மேல் என்னை ஏற்றி உட்கார வைத்துவிடுவார். நான் மைதானத்தைப் பார்ப்பேன், அவர் தெருவைப் பார்ப்பார். "குட்டி, என்ன நடக்குது சொல்லு, சொல்லு!" என்று கீழேயிருந்து என் காலைப் பிடித்து உலுக்குவார். நான் சொல்லுவேன். அன்பர்களே, நான் சும்மா சொல்லுவேனா? மாமா பந்தைத் தொட்டால் மூன்று பேரைத் தாண்டினார் என்பேன். மூன்று பேரைத் தாண்டினால் மொத்த அணியையும் தாண்டினார் என்பேன். தடுக்கி விழுந்தால், "எதிரி ஏமாறட்டும்னு படுத்திருக்காருண்ணா" என்பேன். அண்ணன் தெருவைப் பார்த்துக்கொண்டே ஆனந்தக் கூத்தாடுவார். போகிற வருகிறவர்கள் எல்லாம், பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஒதுங்கிப் போவார்கள். நான் மேடையில் பேசக் கற்றுக்கொண்டது எந்தக் கல்லூரியிலும் இல்லை, அந்த மதில்மேல்தான்.

தலைவர் மணியைத் தொடுகிறார். ஐயா, கையை எடுங்கள். பாதியில் நிறுத்திய பல்லும் பேச்சும் வலிக்கும்!

ஒருநாள் மாமா எங்கள் வீட்டுக்கே ரீடிங் எடுக்க வந்தார். அம்மா கதவைத் திறந்தார்கள். அண்ணன் எங்கே? ஒரே ஓட்டமாகக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அவர் கண்ணில் தான் பட்டாலோ, தன் கண்ணில் அவர் பட்டாலோ ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் போச்சு என்று பயம். மாமா போன பிறகும் வெளியே வரவில்லை. அப்பா கதவைத் தட்டோ தட்டென்று தட்டி, "உள்ள என்னடா பண்றே, நான் வேலைக்குப் போக வேணாமா?" என்று கத்தினார். அன்று அப்பா குளிக்காமல்தான் அலுவலகம் போனார்.

கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் இறுதிப் போட்டி வந்தது. ஊரே உள்ளே இருந்தது, அண்ணன் மட்டும் வெளியே. கடைசி நேரத்தில் ஒரு பெனால்டி. மாமா உதைத்தார். இதோ உட்கார்ந்திருக்கிறாரே பேக்கரிக்காரர், அவர் பாய்ந்து பிடித்தார். நாங்கள் தோற்றோம். பிள்ளைகள் எல்லோரும் அண்ணனைச் சூழ்ந்துகொண்டார்கள். "நீ திரும்பிப் பாத்திருக்கே! உண்மையைச் சொல்லு!" அண்ணன் திரும்பவே இல்லை. மதில்மேல் இருந்த எனக்குத் தெரியும். நான் தொண்டை கிழியச் சொன்னேன், யார் கேட்டார்கள்? அண்ணன் அழுதார். திட்டியதற்காக அழவில்லை. "ஒருவேளை நான் காதை மூடாம விட்டதால இருக்குமோ குட்டி?" என்று கேட்டு அழுதார்.

காலம் ஓடியது. அந்த அண்ணன் இன்று என்ன தொழில் செய்கிறார்? கண்ணாடிக்கடை வைத்திருக்கிறார்! ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கண் பரிசோதனை. "இந்த எழுத்து தெரியுதா? இப்பத் தெரியுதா? இதுக்கு அது பரவாயில்லையா?" ஊருக்கெல்லாம் பார்வை தருகிறவர், தன் உயிருக்கு உயிரான ஆட்டக்காரர் ஒரு பந்தை வலைக்குள் தள்ளியதை ஒரே ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

இனியும் பார்க்கலாம், அவசரம் என்ன என்று கேட்பீர்கள். இல்லையே! மீட்டர் மாமா நாளைக் காலை வண்டியில் மகள் வீட்டோடு தங்கப் போகிறார். வீட்டைக் காலி செய்தாயிற்று, சாமான்கள் போயாயிற்று. நான் பேசி முடித்ததும், புதிதாக நட்டிருக்கும் இந்தக் கோல் கம்பங்களுக்குள் முதல் பந்தை மாமா உதைக்கப் போகிறார். இந்த ஊரில் அவர் உதைக்கப் போகும் கடைசிப் பந்து அது. அதையும் என் அண்ணன் முதுகால்தான் பார்க்கப் போகிறாரா?

இருங்கள்... மாமா எழுந்திருக்கிறார். மெதுவாக மாமா, முழங்கால். மைக் வேண்டுமா? சரி, என் காதில் சொல்லுங்கள், நான் சொல்கிறேன். இதெல்லாம் தனக்கு இன்றுவரை தெரியாதாம். கேளுங்கள், மாமா சொன்னதை அப்படியே சொல்கிறேன். "நான் விட்ட பெனால்டி எல்லாம் நானே விட்டது. எனக்கும் பந்துக்கும் ஆயிரம் தகராறு இருக்கும், நடுவுல அந்தப் பையன் ஏன் வந்தான்? அவனை உள்ள வரச் சொல்லு. அவன் வராம நான் பந்தைத் தொட மாட்டேன்!"

கைதட்டுங்கள், வெளியே கேட்கட்டும்! வாசலில் நிற்கும் தையல்காரரே, அண்ணன் என்ன சொல்கிறார்? சத்தமாகச் சொல்லுங்கள்.

"வரமாட்டேங்கிறாரும்மா! மாமா கடைசியா உதைக்கிறதை நான் கெடுத்துட மாட்டேன்னு சொல்றாரு!"

கேட்டீர்களா அந்தப் பதிலை? அண்ணா! இந்த ஒலிபெருக்கி உங்கள் தலைக்கு நேர் மேலேதான் கட்டியிருக்கிறது, காதை மூடினாலும் விடமாட்டேன். நாயகன் என்பவன் யார் அண்ணா? கோல் போட்டவனா? கோப்பை வென்றவனா? அப்படியானால் நமக்கு நாயகனே இருந்ததில்லை, நம் அணியின் அலமாரியில் சிலந்திதான் குடியிருந்தது! ஞாயிற்றுக்கிழமை நம்மை யாரும் எழுப்பாமலே எழ வைத்தாரே, அவர் நாயகன். ரத்த சொந்தம் இல்லாத ஒருவர் தடுக்கி விழுந்தபோது நம் முழங்காலில் வலித்ததே, அந்த வலியைத் தந்தவர் நாயகன். நமக்காக மட்டுமே அழத் தெரிந்த வயதில், இன்னொருவருக்காக நெஞ்சு பதறக் கற்றுக்கொண்டது எங்கே? வீட்டிலா? வகுப்பிலா? இந்த மண்ணில், இந்த மதிலோரத்தில்! நீங்கள் அவரைக் காத்தது போதும் அண்ணா. உங்களுக்கு வேண்டியது வெற்றியா, அவரா? அவர்தான் என்றால் உள்ளே வாருங்கள். ஜெயிக்கிறாரோ தோற்கிறாரோ, ஒரே ஒரு தரம் அவரைப் பாருங்கள்!

வருகிறார்! அன்பர்களே, வருகிறார்! வழி விடுங்கள். தாய்மார்களே, கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள். அண்ணா, தரையைப் பார்க்காமல் நடங்கள். இதென்ன கூத்து, கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டல்லவா வருகிறார்! கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு யானையும் ஒன்றுதான், பூனையும் ஒன்றுதான். பார்த்த மாதிரியும் ஆச்சு, பார்க்காத மாதிரியும் ஆச்சு என்று சமாளிக்கப் பார்க்கிறார். விடாதீர்கள்! கண்ணாடியைப் போடுங்கள் அண்ணா! எல்லோரும் சொல்லுங்கள், போடுங்கள், போடுங்கள்! ஆ, போட்டுவிட்டார். மாமா அவரைப் பார்க்கிறார், அவர் மாமாவைப் பார்க்கிறார். இவ்வளவு நாளும் இந்தப் பார்வைக்குத்தானே பயந்தார்!

மாமா பந்தை வைக்கிறார். பேக்கரிக்காரர் கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்கிறார். வலப்பக்கமாக விழுந்துவிடச் சொல்லி விழாக்குழு அவரிடம் முன்பே ரகசியமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ரகசியம்தான், நீங்கள் கேட்டுக்கொள்ளாதீர்கள். மாமா பின்னால் போகிறார். ஒரு அடி. இன்னொரு அடி. ஓடி வருகிறார். உதைத்தார்!

பேக்கரிக்காரர் சொன்னபடி வலப்பக்கம் விழுந்துவிட்டார். பந்து... பந்து இடப்பக்கம்... இன்னும் இடப்பக்கம்... கம்பத்தைத் தாண்டி, கொடியைத் தாண்டி, தேநீர் வைத்திருந்த மேசையில் போய் இறங்கியிருக்கிறது. தம்ளர்கள் உருளுகின்றன. யாராவது பேக்கரிக்காரரைத் தூக்கிவிடுங்கள், தானாக எழுந்திருக்க முடியவில்லை.

அண்ணன் எங்கே? எழுந்து நிற்கிறார். மைதானத்துக்குள்ளே நடக்கிறார். மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணா, மனம் தளராதீர்கள்! அன்பர்களே, காற்று சதி செய்தது, கம்பம் கொஞ்சம் நகர்ந்து நின்றது, இல்லாவிட்டால் அந்தப் பந்து...

என்ன அண்ணா? என்ன கையைக் காட்டுகிறீர்கள்?

"போதும் குட்டி, நீ சொல்லாத. நானே பாத்துட்டேன். கோணலா உதைச்சாரு. எவ்வளவு நல்லா இருந்துது!"

சரி அண்ணா. நான் சொல்லவில்லை.

இதோடு மைக்கை வைத்துவிடுகிறேன், மன்னிக்க வேண்டும். பொறுமையோடு கேட்டவர்களுக்கும், வழிவிட்டு நகர்ந்தவர்களுக்கும், இத்தனை காலம் எங்களை ஏங்க வைத்த மாமாவுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.