மெற்றில்டா அக்கா தெரிந்தெடுத்த இரண்டு பம்புகள்

இவ்வளவு காலம் வாய் திறக்காமல் இருந்தது போதும்.

லண்டன் தமிழ் மசில் கார் கழகத்தின் தலைவர் திரு. சண்முகராசா அவர்களே, பேச அழைக்கும்போது என் பெயரை மட்டும் மறந்துபோன செயலாளர் அவர்களே, தாயின் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல் முன்வரிசையில் அமர்ந்திருந்த மெற்றில்டா அக்காவின் மகள் ஆரணி அவர்களே, கழக உறுப்பினர்களே, உறவினர்களே, அனைவருக்கும் வணக்கம். கடந்த ஞாயிறு வால்தம்ஸ்டோ மண்டபத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் நான் பேச நினைத்தது இது. அழைக்கவில்லை, ஆகவே எழுதுகிறேன். எழுதுவதில் ஒரு வசதி, இடையில் யாரும் மணி அடிக்க முடியாது.

பொறியியலாளர் மெற்றில்டா இராஜேந்திரன் அவர்களைப் பற்றி அன்று பலர் பேசினார்கள். அன்பானவர் என்றார்கள். அமைதியானவர் என்றார்கள். யாரைப் பற்றிப் பேசினார்கள்? நான் அறிந்த மெற்றில்டா அக்கா அமைதியானவர் அல்லர். ஜேர்மனியில் எரிபொருள் பம்புகளைச் சோதிக்கும் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் தலைமைப் பொறுப்பில் இருந்துவிட்டு லண்டன் வந்தவர். நம் கழகத்தின் தொழில்நுட்ப ஆலோசகராக இருந்த காலமெல்லாம், நம்மில் ஒருவரையும் அவர் திட்டாமல் விட்டதில்லை. அந்தத் திட்டு எனக்கும் கிடைத்தது என்பதற்காகத்தான் நன்றி சொல்ல வந்தேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் செயலாளர் பதவியிலிருந்து என்னை நீக்கினீர்கள். காரணங்களை இங்கே கிளற மாட்டேன். எனக்கு ஒன்றும் மறக்கவில்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். அந்த வாரம் என் தொலைபேசி ஒருமுறைதான் ஒலித்தது. அழைத்தவர் அக்கா. ஆறுதல் சொல்லவில்லை. "அழுத்தம் பாக்கிற கேஜ் பிடிக்க ஒரு ஆள் வேணும். வாரும்," என்றார். யாருடைய கார் என்று கேட்டேன். "ஆற்றை கார் எண்டு கேட்டால் நீர் வரமாட்டீர். அதாலை கேளாதையும்."

போனேன். அது தலைவரின் கார்.

கார் பற்றித் தெரியாத உறவினர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். பெரிய எஞ்சின் பூட்டிய வேகக் கார்களைத்தான் மசில் கார் என்கிறோம். எண்ணூறு குதிரைவலு கொண்ட எஞ்சின் முழு வேகத்தில் பெற்றோலைக் குடம் குடமாகக் குடிக்கும். அதற்கு ஈடுகொடுக்க, தாங்கியிலிருந்து பெற்றோலை எஞ்சினுக்கு அனுப்பப் பலமான பம்ப் வேண்டும். ஆகவே நம்மில் எல்லோரும் செய்வது என்ன? விளம்பரத்தில் எது மிகப் பெரிதோ அதை வாங்குவது. அக்கா அதற்கு உடன்படவே மாட்டார். வெறும் குழாயில் எவ்வளவு பாய்ச்சும் என்று கடைக்காரன் சொல்வதை நம்பாதே, எஞ்சின் கேட்கும் அழுத்தத்தில் எவ்வளவு பாய்ச்சும் என்று பார் என்பார். பழைய வயரின் வழியாகப் பம்புக்கு முழு மின்சாரம் போகிறதா, இன்றைய எத்தனால் கலந்த பெற்றோலை அதன் உள்ளுறுப்புகள் தாங்குமா என்று பார்ப்பார். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்பார். என்னிடமும் கேட்டார்.

"எங்கை ஓடப்போறீர்?"

ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்புகளுக்கு, சில கலியாணங்களுக்கு என்றேன்.

"அப்ப நீர் ரேஸ் ஓடேல்லை. வீம்புதான் ஓடுறீர். பொறும், உமக்குப் பிறகு பாப்பம்."

லண்டனில் நம் கார்கள் உண்மையில் எங்கே ஓடுகின்றன? மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு மேளத்துக்குப் பின்னால் ஓடுகின்றன. தவில்காரர் நாலு அடி வைத்து நின்று வாசிப்பார். காரும் நிற்க வேண்டும். அந்த வேகத்தில் எஞ்சின் குடிப்பது ஒரு மிடறு. ராட்சதப் பம்ப் அனுப்புவதோ குடம். மிச்சமெல்லாம் சூடான எஞ்சினைச் சுற்றிவிட்டுத் தாங்கிக்குத் திரும்பும், மறுபடி போகும், மறுபடி திரும்பும். கடைசியில் தாங்கியிலுள்ள பெற்றோலே கொதிக்கத் தொடங்கும். பம்ப் ஆவியை உறிஞ்சி ஊளையிடும். கார் நிற்கும்.

ஆகவே தலைவரின் காருக்கு அக்கா நடுத்தரமான இரண்டு பம்புகளைத் தெரிந்தெடுத்தார். ஒன்று எப்போதும் ஓடும். மற்றது வேகத்துக்காகக் காலை அழுத்தி மிதித்தால் மட்டும் விழித்துக்கொள்ளும். அவற்றைச் சோதித்த நாளில் கேஜ் பிடித்தவன் நான். எனக்குப் பிடிக்காத ஒருவரின் காருக்காக ஒரு பகல் முழுவதும் கை நோக நின்றேன். அந்த வாரம் நான் வீட்டைவிட்டு வெளியே வந்த ஒரே நாள் அது. அது அக்காவுக்குத் தெரிந்திருந்தது.

இனி விம்பிள்டன் கலியாணத்துக்கு வருகிறேன். கூட்டத்தில் தலைவர் பெருந்தன்மையோடு சொன்னதை நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள்: "அக்காவும் மனுசிதானே. விம்பிள்டனிலை நடந்த பிழையை நாங்கள் ஒருத்தரும் மனசிலை வைச்சிருக்கேல்லை." நீங்கள் தலையாட்டினீர்கள். ஆரணி தலை குனிந்தார்.

எந்தப் பிழை? யாருடைய பிழை?

போன கோடையில் தலைவரின் மகன் பிரியந்தனுக்குக் கலியாணம். நல்ல வெயில். மாப்பிள்ளை ஊர்வலம் பாதி வழி வரும் முன்னரே காரின் பின்பக்கத்திலிருந்து ஊளைச் சத்தம் எழுந்தது. நாதசுவரக்காரர் இருமுறை திரும்பிப் பார்த்தார். சந்தியில் கார் நின்றது. தலைப்பாகையும் மாலையுமாக மாப்பிள்ளை இறங்கி நடந்தார். படம் பிடிக்காத கை இல்லை. "மெற்றில்டா அக்கா பாத்துத் தந்த பம்ப்," என்று தலைவர் சம்பந்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா அந்தச் சத்தத்தைக் கேட்டதும் என்னைப் பார்த்தார். நான் பட்டு வேட்டியோடு வீதியில் படுத்துக் காருக்குக் கீழே பார்த்தேன். அக்காவின் இரண்டு பம்புகளும் இருக்க வேண்டிய இடத்தில், ரேஸ் கார்களுக்குப் பூட்டும் பெரிய பம்ப் ஒன்று பளபளத்தது. சவுத்தால் கார்ச் சந்திப்பில் என்ன பம்ப் என்று கேட்டவர்களிடம் 'இரண்டு சின்னன்' என்று சொல்லத் தலைவருக்குக் கூச்சமாக இருந்ததாம். கலியாணத்துக்கு முந்திய வாரம் மாற்றியிருக்கிறார். இதைப் பின்னர் அவர் வீட்டாரே சொல்லக் கேட்டேன்.

எழும்பினேன். சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

"இண்டைக்கு அவர் மாப்பிள்ளையின்ரை தகப்பன். சம்பந்திக்கு முன்னாலை வேண்டாம்."

"அக்கா, உங்கடை பேர் போகுது."

"நான் இருக்குமட்டும் கதையாதையும். பிறகு உம்மடை விருப்பம்."

அடுத்த வாரம் அவரே தலைவரின் வீட்டுக்குப் போய், கராஜ் மூலையில் கிடந்த அந்த இரண்டு பம்புகளையும் கேட்டு வாங்கினார். சரிவராத சாமான், கொண்டு போங்கோ என்று கொடுத்தார்களாம். அவற்றை என் காரில் தன் கையாலேயே பூட்டினார். "இப்ப உம்மடை முறை," என்றார். சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன், நெடுங்காலத்துக்குப் பிறகு.

அன்பான ஆரணி அவர்களே, உங்கள் தாயின் இறுதி ஊர்வலத்தில் சவ வண்டிக்குப் பின்னால் சென்ற என் காரில் நீங்கள் அமர்ந்திருந்தீர்கள். கோயிலிலிருந்து அவரை அடக்கம் செய்த சேமக்காலை வரை, ஆள் நடக்கும் வேகத்தில், கொளுத்தும் வெயிலில். "அங்கிள், இது இடையிலை நிண்டிடாதே?" என்று கேட்டீர்கள். ஏன் கேட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். நிற்காது என்று மட்டும் சொன்னேன். மீதியை இப்போது சொல்கிறேன். உங்களைச் சுமந்து சென்றவை சரிவராத சாமான் என்று ஒதுக்கப்பட்ட அதே இரண்டு பம்புகள். ஊளையிட்டனவா? ஒருமுறையாவது தயங்கினவா? உங்கள் தாய் பிழை விடவில்லை. மன்னிக்க வேண்டியதை அவர்தான் மன்னித்தார்.

உறுப்பினர்களே, அவருக்கு மலர்வளையம் வைத்துவிட்டோம். இனி என்ன செய்யப் போகிறோம்? நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். இந்தக் கழகத்துக்குப் புதிதாக வந்து பம்ப் கேட்கும் எவரிடமும் குதிரைவலுவைக் கேட்பதற்கு முன் எங்கே ஓடப்போகிறார் என்று கேட்பேன். கேஜ் பிடிக்க ஆள் வேண்டுமென்றால் போய்ப் பிடிப்பேன். தலைவரின் காருக்கென்றாலும் பிடிப்பேன். யாருடைய கார் என்று கேட்கமாட்டேன்.

இதை இன்று கழகத்தின் இணையப் பக்கத்தில் போடுகிறேன். எழுதியவர் யார் என்று ஆரணிக்குத் தெரியும். நீங்களும் தேநீர் ஆறுமுன் கண்டுபிடித்துவிடுவீர்கள். என்றாலும் கீழே என் பெயரைக் கண்டால், பதவி போனவனின் புலம்பல் என்று பாதியில் மூடிவிடுவீர்கள். ஆரணி இதை அச்சிட்டுத் தாயின் படத்தருகே வைத்தாலும் அங்கே என் பெயருக்கு வேலை இல்லை. இதற்கு ஒரு பெயர் போதும். அதைத் தலைப்பில் எழுதிவிட்டேன். கீழே ஒன்றும் எழுதப்போவதில்லை.