சாட்சி இருந்த இடம்

புகார் கொடுக்க வருகிறவர்களை நான் நிற்க வைத்துப் பேசியதில்லை. மதீனாவுக்கும் நாற்காலி போடச் சொல்லி, டீ வரவழைத்த பிறகுதான் விசாரணையைத் தொடங்கினேன்.

அவள் கணவன் அஷ்ரப், கூடலூரிலிருந்து குமுளிக்கு ஜீப் ஓட்டியவன். ஏதோ தகராறு என்று ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போன எஸ்.ஐ. பாண்டீஸ்வரன் அடித்ததில் முதுகெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தான். கக்கூஸில் வழுக்கி விழுந்தான் என்றது ஸ்டேஷன். புகாரை விசாரிக்கும் பொறுப்பு டி.எஸ்.பி.யான எனக்கு வந்தது.

சாட்சி ஒருவன்தான். அதே லாக்கப்பில் இருந்த வேல்பாண்டி. ஜாமீனில் வந்ததும் பயந்துபோய்த் தலைமறைவாகிவிட்டான். அவன் வராமல் புகார் நிற்காது என்று மதீனாவிடம் சொன்னேன். அது பொய்யில்லை.

அவள் தலையில் போட்டிருந்த முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தாள்.

“வேல்பாண்டி அண்ணன் எங்கன இருக்காகன்னு எனக்குத் தெரியும் சார். யார்கிட்டயும் சொல்லாதன்னு கையடிச்சு சத்தியம் வாங்கியிருக்காக. ஆனா எனக்கு வேற வழி தெரியல. எங்க வீட்டுக்காரரைத் திருப்பிப் படுக்கப்போடக்கூட ஆளில்ல சார்.”

“தைரியமாச் சொல்லும்மா. பத்திரமாக் கூட்டிட்டு வர்றது என் பொறுப்பு.”

சொன்னாள். வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு ஏலக்காய்த் தோட்டம்.

அவள் படியிறங்கியதும் பாண்டீஸ்வரனுக்குப் போன் செய்தேன். இடத்தைச் சொல்லி, போய்ப் பேசிச் சரிக்கட்டு என்றேன்.

“பேச்சுக்கு மசியலைன்னா, சார்?”

போனை வைத்துவிட்டேன். இதுவரை பாண்டீஸ்வரன் உங்கள் விசாரணையில் சொல்லியிருப்பது சரிதான்.

வேல்பாண்டியைத் தோட்டத்துக் குட்டையிலிருந்து எடுத்தார்கள். குடித்துவிட்டு விழுந்தான் என்றார்கள். அவன் குடிப்பவனா என்று நான் கேட்கவில்லை.

மதீனா மறுபடி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“உங்ககிட்ட மட்டும்தான சார் சொன்னேன். போற வழியில என் வாய் வேற எங்கயும் உளறிருச்சா? நாந்தான் அவுகளைக் கொன்னுட்டேனா?”

உன்மேல் தப்பில்லை என்று ஆறுதல் சொன்னேன். சாட்சி இல்லாததால் புகாரில் உண்மை இல்லை என்று அறிக்கை எழுதி முடித்தேன்.

ஏன் செய்தேன் என்று கேட்கிறீர்கள். பாண்டீஸ்வரனுக்கு வேலை போயிருந்தால், பெண்டாட்டி பிள்ளைகளோடு ஒரு குடும்பமே நடுத்தெருவுக்கு வந்திருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனசு வரவில்லை.