குமிழி என்று வட்டமிட்டவை

அக்கா என்னிடம் கடைசியாகக் கேட்டு வாங்கியது ஒரு நகவெட்டி. "மூணு வாரமா பாத்திரம் தேய்க்கல, நகம் மகாராணி மாதிரி வளந்துடுச்சுடா" என்றாள். வெட்டி முடித்துவிட்டு, பரிசோதனைக் கட்டிலில் ஏறிப் படுத்தாள். நான் குழாயை இறக்கினேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். உணவுக்குழாயில் புண் உள்ளவர்கள் ஒரு பசை மருந்தை விழுங்குவார்கள். அதில் ஒளிரும் சாயம் கலந்திருக்கும். நுனியில் விளக்கும் கேமராவும் உள்ள மெல்லிய குழாயை உள்ளே விட்டால், பசை படிந்த இடம் திரையில் பச்சையாக ஒளிரும். படியாத புண் கறுப்பாகத் தெரியும். காற்றுக்குமிழியும் கறுப்புதான். அதைச் சுற்றி நான் வட்டம் போட்டால், அக்கம்பக்கத்துப் பசையின் கனத்தைக் கொண்டு கருவி படத்தில் அந்த இடத்தையும் பச்சையாக நிரப்பிவிடும். விழுங்கச் சொன்னால் குமிழி நகரும். புண் நகராது.

அக்காவை விழுங்கச் சொன்னேன். நகரவில்லை.

"மூக்கு வழியா குழாய் வெச்சு கஞ்சி ஊத்தறீங்க. அப்புறம் நாக்கு எனக்கு எதுக்குடா? உன்னைத் திட்டறதுக்கு மட்டுமா?" என்று காலையில்தான் கேட்டிருந்தாள். வட்டம் போட்டேன்.

டாக்டர் படத்தைப் பார்த்தார். "பிரமாதமா படிஞ்சிருக்கு. இனிமே கெட்டியாவே சாப்பிடலாம்மா" என்றார். அக்கா ரொட்டியை மென்று தின்றாள். புண் ஓட்டையாகி, காய்ச்சல் கண்டு, அந்த வாரமே போய்விட்டாள். டாக்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மருந்து நல்லா படிஞ்சும் இப்படி ஆயிடுச்சேப்பா" என்றார்.

கொன்றது வட்டமா, வியாதியா? ஒருவரை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். ஆகவே இன்னும் மூன்று பேருக்கு, நகராத கறுப்பைச் சுற்றி வட்டம் போட்டேன்.

முதலில் தையல்கார அம்மா. அவருக்கு ஏற்கெனவே இதயம் பலவீனம். அவர் சாவைக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை. அடுத்தவர் பேருந்து ஓட்டுநர். "உள்ள சுரங்கம் மாதிரி இருக்கும், ஹெட்லைட்டைப் போட்டுக்கிட்டு மெதுவா போங்க சார்" என்று சிரிக்கவைத்தவர். சொன்ன அளவுக்கு மேல் தின்றார் என்று அவர் மனைவியே அழுதபடி சொன்னாள்.

இதை நீங்கள் கொலை என்கிறீர்கள். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நான்கு வட்டமும் தெரிந்தே போட்டவை. ஆனால் கொலைகாரன் ஆள் சாக வேண்டும் என்று நினைப்பான். நான் மூவரும் பிழைக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டேன். அவர்கள் உயிர்மேல் என் அளவுக்கு அக்கறை வைத்தவர் அந்த மருத்துவமனையில் யாருமில்லை.

மூன்றாமவர் ஓய்வுபெற்ற தபால்காரர். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்காவைக் கொன்றது நானில்லை என்பதற்கு அவர் போதும். நேற்று உங்கள் ஆட்கள் என்னைக் காவல் நிலையத்துக்கு அழைத்துவந்தபோது எதிர்க்கடை வாசலில் நின்றிருந்தார். வேர்க்கடலையை மென்றுகொண்டிருந்தார்.