உப்புநீர் ஊசி

இந்த வெயிலில் பட்டணத்திலிருந்து புதுக்கோட்டை வரை வந்திருக்கிறீர்கள், டீன் ஐயா. முதலில் தண்ணீர் குடியுங்கள். காய்ச்சி ஆறவைத்ததுதான்; சிறைக் காவலரிடம் சொல்லி நானே வாங்கி வைத்தேன்.

நீங்கள் எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நம் மருத்துவப் பீடத்தின் காலரா ஆராய்ச்சி செல்லுமா செல்லாதா என்று தெரியவேண்டும். செல்லும். யாருக்கு மருந்து போட்டேன், யாருக்கு உப்புநீர் போட்டேன் என்பதை உள்ளது உள்ளபடிதான் எழுதியிருக்கிறேன். முடிவில் பொய் இல்லை. அதற்காகப் பட்டமளிப்பு விழாவில் உங்களுக்கு விழுந்த மாலையை யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

மற்றதைச் சொல்கிறேன்.

குளத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்கு ஒரே தம்பி, அய்யாக்கண்ணு. தாய்மாமன் திருப்பதியின் மகள் செங்கமலம் எனக்குத்தான் என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து டாக்டருக்குப் படிக்கப் போன முதல் ஆள் நான். நான் படிக்கப் போனதும் தம்பி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஏர் பிடித்தான். அது அவனாக எடுத்த முடிவு.

கல்லூரியில் நாங்கள் பிணம் அறுத்துப் படிக்கிறோம் என்ற செய்தி ஊருக்குப் போயிற்று. "பொணம் அறுத்த கையாலயா எம்மக தாலி வாங்கணும்?" என்று மாமா கேட்டாராம். குறித்த முகூர்த்தத்தை விடவேண்டாமென்று தம்பியை மணையில் உட்காரவைத்துவிட்டார்கள். அதைச் சொல்லத் தம்பி முன்கூட்டியே பட்டணம் வந்து என் விடுதி வாசலில் நின்றானாம். எனக்குப் பரீட்சை நேரம். யாரையும் பார்ப்பதற்கில்லை என்று சொல்லியனுப்பிவிட்டேன். சொல்லவேண்டும் என்று உண்மையாகவே நினைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் நின்றிருப்பான்.

விடுமுறைக்குப் போனபோது கதவைத் திறந்தவள் செங்கமலம். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. "வாங்க அத்தான்" என்றாள். நான் சண்டை போடவில்லை. கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். பிறகு அவர்களுக்குச் சொர்ணம் பிறந்தபோதுகூடப் பட்டணத்திலிருந்து கொலுசு வாங்கிப் போனேன். மனதில் எதையும் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.

நாற்பத்து மூன்றாம் வருஷம் காலரா தெற்கே இறங்கியபோது நம் பீடத்தின் புதுத் தடுப்பு மருந்து தயாராக இருந்தது. திட்டம் உங்களுடையது. ஒரு வீட்டுக்கு மருந்து, அடுத்த வீட்டுக்கு வெறும் உப்புநீர். எது தாங்குகிறது என்று பார்ப்பது. குப்பிகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். எதில் எது என்பது எனக்கு மட்டும் தெரியும். ஊரை என்னையே தேர்ந்தெடுக்கச் சொன்னீர்கள். எங்கள் ஊரைச் சொன்னேன். எல்லோரும் ஒரே ஊருணித் தண்ணீர் குடிக்கிற ஊர், ஆராய்ச்சிக்கு மிகவும் ஏற்றது. நீங்களும் பாராட்டினீர்கள்.

ஊசி என்றதும் சனங்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தம்பிதான் வீடு வீடாகப் போய்ப் பேசினான். "எங்கண்ணன் போடுற ஊசிய்யா. பயப்படாம கைய நீட்டுங்க" என்றான். வரிசைப்படி அவன் வீடு மருந்து வீடு.

அவனுக்கும் சொர்ணத்துக்கும் உப்புநீர் போட்டேன். செங்கமலத்துக்கு மருந்து. எண்ணிக்கை கெடக்கூடாது என்பதற்காக, அடுத்த வீட்டில் உப்புநீர் போடவேண்டிய மருதாயிக்கும் அவள் மகனுக்கும் மருந்தைப் போட்டேன். அந்த இரண்டு பேரும் இன்றும் சௌக்கியமாக இருக்கிறார்கள். அதை யாரும் என் வரவுப் பக்கத்தில் எழுதுவதில்லை.

காலராவை நான் கொண்டுபோகவில்லை. அது வராமலே போயிருக்கலாம். வந்தது.

அப்போது நான் விராலிமலை முகாமில் இருந்தேன். எங்கள் ஊர்க் கருப்பன் சைக்கிளில் வந்து இறங்கி, "அய்யா, ஒங்க தம்பிக்கும் பிள்ளைக்கும் வாந்திபேதி. கையோட கூட்டியாரச் சொன்னாக" என்றான். ஊசிக்கு வரிசை நீளமாக நின்றது. நம்பி வந்தவர்களைப் பாதியில் விட்டுவிட்டுச் சொந்தக்காரனைப் பார்க்க ஓடுவது டாக்டருக்கு அழகல்ல. கடைசி ஆள் வரை போட்டுவிட்டுத்தான் புறப்பட்டேன். காலரா கண்டவர்களைப் பிழைக்கவைக்க நரம்பில் ஏற்றும் உப்புநீரும் குழாயும் என்னிடம் தயாராகத்தான் இருந்தன. நான் போய்ச் சேர்ந்தபோது தகப்பனையும் மகளையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்தபின் செங்கமலத்திடம் பேசினேன்.

"இனி ஒனக்கு இங்க யாரு இருக்கா? எங்கூடப் பட்டணத்துக்கு வந்துரு. நான் இன்னமும் கல்யாணம் பண்ணிக்கல" என்றேன்.

"ஒண்ணு கேக்கணும் அத்தான்" என்றாள். "ஊசி போட்ட அன்னிக்கு எனக்குக் கை வீங்கிக் காய்ச்சல் அடிச்சுச்சு. மருதாயிக்கும் அடிச்சுச்சு. அவுகளுக்கும் பிள்ளைக்கும் ஒண்ணுமே பண்ணலையே, ஏன்?"

"ஒவ்வொருத்தர் ஒடம்பும் ஒவ்வொரு மாதிரி."

"கை வீங்காதவுக வீட்டுலதான் சாவு விழுந்திருக்கு. எனக்கு மட்டும் வேற குப்பியா?"

அவளிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. "ஒன்னையச் சாக விடுவேனா செங்கமலம்?" என்றேன்.

அவள் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். மனம் ஆறிவிட்டது, என்னோடு வரத் தயாராகிறாள் என்று நினைத்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, குளத்தூர் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தே போய்விட்டாள்.

ஆமாம் ஐயா, தெரிந்தேதான் செய்தேன். உங்களிடம் ஊர்ப்பெயரைச் சொன்னபோதே என்ன செய்யப்போகிறேன் என்று தெரியும். போலீஸ்காரர்களிடமும் இதையே சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆனால் அவள் இன்று மூச்சு விட்டுக்கொண்டிருப்பது யாரால் என்று ஒருவராவது அவளைக் கேட்டார்களா? மாமா என்னை ஏமாற்றினார். தம்பி ஏமாற்றினான். நான் காப்பாற்றியவளே என்னைக் காட்டிக் கொடுத்தாள். அந்த வீட்டில் என்னிடம் களங்கமில்லாமல் இருந்தது சொர்ணம் ஒருத்திதான். கையை நீட்டச் சொன்னதும், "வலிக்குமா பெரியப்பா?" என்று கேட்டாள். வலிக்காது கண்ணு என்றேன். நம்பி நீட்டினாள்.

உப்புநீர் வலிக்காது, டீன் ஐயா. அந்தக் குழந்தையிடம் நான் பொய் சொல்லவில்லை.